என் வாயை வைத்து ஒரு வேண்டுதல்

தூக்குப்போசியின் மூடியை அக்கா திறந்ததுமே மிளகு வாசம் அறை முழுக்க ஏறிவிட்டது. ஆட்டுக்கால் சூப். சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, மேலே நெய்யாக மிதக்க, ராசிபுரத்தில் இருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் யாருக்காவது எலும்பு முறிந்தால் சொந்தக்காரர்கள் ஆப்பிள் வாங்கி வருவதில்லை. ஆட்டுக்கால்தான் வரும்.

நான் கட்டிலில் கிடந்தேன். இடது கால் இரண்டு தலையணை மேல் இருந்தது. அக்கா டம்ளரில் ஊற்றி நீட்டினாள். உதட்டுக்கும் டம்ளருக்கும் ஒரு விரல்கடை தூரம் இருக்கும்போது என் கணவர் குறுக்கே வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"அவ குடிக்கப்படாதுங்க நங்கையா." பெண்டாட்டியின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஏனுங்க மாப்ள? டாக்டரு வேண்டாம்னுட்டாரா?"

"டாக்டரு இல்லீங்க. நானு." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆப்பரேசன் நடக்கறப்ப வேண்டிக்கிட்டேன். தங்காலால திருச்செங்கோட்டு மல படியேறி வந்து சாமி கும்புடற வரைக்கும் கறி, மீனு, முட்ட எதையும் தொட மாட்டான்னு."

"யாரு தொட மாட்டா?" என்றேன்.

"நீதான்."

அக்கா அந்த டம்ளரை வாங்கித் தானே குடித்து முடித்தாள். எனக்கு வந்த கோபத்தில் கால் வலி கூட மறந்துவிட்டது.

விழுந்தவளைப் பற்றி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தனம். வயது ஐம்பதை ஒட்டி. வீடு மல்லசமுத்திரத்தில். ராசிபுரம் போகும் வழியில் ஒரு கோழித் தீவன ஆலையில் வேலை. வந்து நிற்கும் லாரிகளில் ஏறி மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் என்று ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியால் குத்தி எடுப்பேன். ஈரம் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்து, முட்டைக் கோழிக்கு எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளுக்கு ஆலையில் பார்முலா என்று பெயர்.

ஒரு மழை நாளில் லாரி ஏணியில் இருந்து இறங்கும்போது வழுக்கியது. தப்பு என்னுடையது. தேய்ந்த செருப்போடு ஏறியிருக்கக் கூடாது. தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்து முடுக்கினார்கள். அதைத்தான் போன வாரம் எழுதினேன்.

என் கணவர் போர்வெல் வண்டியில் போய் வடக்கே பாதி நாட்டைத் துளை போட்டுவிட்டு வந்தவர். இப்போது நாலு ஏக்கரில் கடலையும் கொள்ளும் போடுகிறார். எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று பாறையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பெண்டாட்டி எப்போது வெடிப்பாள் என்பது மட்டும் இன்று வரை தெரியாது.

நாமக்கல் சீமையில் பிறந்தவள் நான். காலையில் இரண்டு அவித்த முட்டை இல்லாமல் ஆலைக்குக் கிளம்பியதே கிடையாது. பால், தயிர் என்று ஒதுங்கலாம் என்றால் அதுவும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அரை டம்ளர் குடித்தால் அரை நாள் வயிறு பேசும். இப்படிப்பட்டவள் வாயைத்தான் மனிதர் கேட்காமல் கொள்ளாமல் அடமானம் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

கலைவாணியின் டேப்

அடுத்த வாரம் பிசியோ பெண் வந்தாள். கலைவாணி. ஜலகண்டாபுரத்துக்காரி, தறிக்காரர் வீட்டுப் பெண். சேலத்தில் படித்துவிட்டு ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறாள். வந்ததும் தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து என் இரண்டு தொடையையும் அளந்தாள். இடது தொடை, வலதின் தங்கச்சி மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தால் துணிமூட்டை போலத் தொளதொளவென்று விரல் உள்ளே போனது.

"தசை கரைஞ்சு போச்சுங்கம்மா. படுத்தே கெடந்தா இப்படித்தான் ஆவும். மறுக்கா ஏத்தோணும். புரோட்டீன் நல்லா சாப்புடோணும். காலைல ரெண்டு முட்ட, மத்தியானம்..."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் கலைவாணி டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப, படி ஏறோணும்னா தசை வேணும். தசைக்கு முட்ட வேணும். முட்ட திங்கோணும்னா படி ஏறியிருக்கோணும். இப்படிங்களா?"

"அப்படித்தானுங்க சாமி" என்றார் அவர், ரொம்பப் பணிவாக.

"ஏத்தாம உட்டா?" என்று நான் கேட்டேன்.

அவள் பூசி மெழுகவில்லை. "நடப்பீங்க. கையில ஒரு குச்சி இருக்கும். படி, லாரி ஏணியெல்லாம் மறந்துரோணும். இந்த ஆறேழு மாசந்தானுங்கம்மா முக்கியம்."

லாரி ஏற முடியாதவளுக்கு ஆலையில் வேறு வேலை தருவார்கள். எடை மேடைச் சன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுதலாம். சன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டே ஓய்வு வயதுக்குக் காத்திருக்கலாம்.

அக்கா போனில் ஒரு வழி சொன்னாள். "சாமிகிட்ட ஒரு மன்னிப்பக் கேட்டுப்போட்டு முட்டைய முழுங்குடி. சாமிக்குத் தெரியாதா உங்காலு?" எனக்குச் சாமி பயம் அரைக்கால்வாசிதான். ஆனாலும் மனசு வரவில்லை. நான் வேண்டுதலை முறித்து, எலும்பும் சேராமல் போனால், அந்த மனிதர் ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொண்டு கிடப்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வீம்பு. இருபது வருடமாக லட்சக்கணக்கான கோழிகளுக்குப் புரதம் போட்டவளுக்குத் தன் ஒரு தொடைக்குப் போடத் தெரியாதா?

"சரி, இருக்கறேன்" என்றேன். "ஆனா என் வாயக் கட்டுனா உங்க வாயும் சேந்து கட்டோணும். நான் ஏறுற வரைக்கும் நீங்களும் தொடப்படாது."

உடனே தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஆட்டியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எனக்கு நானே எழுதிய பார்முலா

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். கோழி முட்டைக்குள் போகும் புரதம் கோழி எங்கிருந்தோ வரவழைப்பது அல்ல. நாங்கள் போடும் சோயாவும் சோளமும்தான் சுற்றி வளைத்து அப்படி வருகிறது. வழியில் கோழி நடமாட, இறகு முளைக்க, கொக்கரிக்க என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதன் கூலி அது. நான் கோழியைத் தாண்டிப் போய் நேராக மூட்டையிலேயே கை வைப்பது என்று முடிவு செய்தேன்.

ஆனால் புரதம் என்றால் எல்லாம் ஒன்றில்லை. சோளம், கம்பு, அரிசி போன்றவற்றில் லைசின் என்ற சத்து குறைச்சல். பயறுகளில் அது தாராளம். பயறுகளில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைச்சல். எள்ளில் அது இருக்கிறது. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்க வேண்டும். கோழிக்கு இந்தச் சரிக்கட்டலைத்தான் தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி, மாத்திரை அட்டைப் பெட்டியின் பின்பக்கம் எனக்கும் எழுதினேன்.

காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு, கம்பு தோசை, கெட்டியாக நிலக்கடலைச் சட்னி. மத்தியானம் கொள்ளுப் பருப்பு இல்லையென்றால் தட்டைப்பயறு குழம்பு. சாயங்காலம் மீல்மேக்கர் வறுவலோ சுண்டலோ. எதன் மேலும் ஒரு கரண்டி எள்ளுப்பொடி. சோற்றின் பங்கைக் குறைத்துப் பருப்பின் பங்கை ஏற்றினேன். கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதத்துக்குக் குறையக் கூடாது என்று கலைவாணி சொன்னதை மனதில் வைத்து, கொஞ்சம் கூடவே போட்டேன்.

கொள்ளு எங்கள் காட்டிலேயே விளைந்தது. அதற்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் விட வேண்டியதில்லை. மழை முடிந்து விதைத்தால் பனியிலேயே காய்த்துவிடும். இத்தனை வருடம் அந்தக் கொள்ளில் பாதியை மாட்டுக்கு அவித்துப் போட்டுவிட்டு, நான் கடையில் முட்டை வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். மாடுகள் என்னைப் பற்றி என்ன நினைத்திருக்குமோ.

அவர் ஒரு நாள் உற்சாகமாகப் பச்சை சோயாவை வாங்கி வந்து, மிக்சியில் அடித்து, தண்ணீரில் கலக்கி நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. வேகாத சோயாவைக் கோழிக்கே போடமாட்டோம். புரதம் செரிக்க விடாமல் தடுக்கிற சங்கதி அதில் இருக்கிறது. அதை வறுத்தோ வேகவைத்தோதான் உள்ளே அனுப்ப வேண்டும்.

இவ்வளவு பயறு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் காற்றும் கூடவே நுழையும். அதைப் பற்றி ரொம்ப எழுத முடியாது. முதல் பத்து நாள் அவர் கட்டிலை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, பூண்டும் சீரகமும் போட்டு வேகவைக்க ஆரம்பித்தேன். கட்டில் உள்ளே வந்தது.

என் தொழில் என்னைக் கவிழ்த்தது

இரண்டு மாதம் ஒரு வேளை தவறவில்லை. காலை ஊன்றலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வாக்கரோடு வாசல் வரை போய் வந்தேன். கலைவாணி டேப்போடு வந்தபோது மார்க் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அளந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி அளந்தாள். தொடை வைத்த இடத்திலேயே இருந்தது. இடுப்பு ஏறியிருந்ததை அளக்கத் தேவையில்லை, பாவாடை நாடாவே சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, தினமும் பண்ணுனீங்களா?"

"ஒரு வேள தப்பாம சாப்பிட்டனே."

"நான் பயிற்சியக் கேட்டனுங்க."

முதல் வாரம் செய்தேன். வலித்தது. விட்டுவிட்டேன். அவள் வரும் நாட்களில் மட்டும் நாலு முறை தூக்கிக் காட்டினேன். சாப்பாடு பார்த்துக்கொள்ளும் என்று மனசார நம்பினேன். ஏன் நம்பினேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் தொழிலில் கோழி கூண்டுக்குள் நின்ற இடத்தில் நிற்கும். தீனி சரியாகப் போட்டால் முட்டை வரும். கோழியை யாரும் எழுப்பி உட்காரவைத்து எழுப்புவது கிடையாது. நானும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, தின்று, தொடைக்காகக் காத்திருந்தேன்.

கலைவாணிக்கு இதைச் சொன்னதும் அவளும் சிரித்துவிட்டாள். "கோழிகிட்ட முட்டையக் கேக்கறீங்க. உங்ககிட்ட நான் தொடையக் கேக்கறேன். செங்கல்ல லோடு லோடா எறக்கிப்போட்டு, கொத்தனார வரவேண்டாம்னு சொல்லிப்புட்டீங்களே. செவுரு எப்படிங்கம்மா எந்திரிக்கும்?"

அவள் போன பிறகு நான் அழுதேன். ஆறேழு மாதம்தான் முக்கியம் என்று சொன்னவள் அவள். அதில் இரண்டை நான் தின்றே தீர்த்துவிட்டேன். எடை மேடைச் சன்னல் கண் முன்னால் வந்து நின்றது.

நாற்காலியோடு மல்லுக்கட்டு

மறுநாள் காலை கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று கூடத்துக்கு வந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு அதிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் எழவே முடியவில்லை. பாதி எழுந்து, கால் நடுங்கி, தொப்பென்று விழுந்தேன். நாற்காலிக்குக் கீழே தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டித்தான் ஆரம்பிக்க முடிந்தது.

கணவர் பழைய ஸ்கூட்டர் டியூப்பை நீளமாகக் கத்தரித்து, ஒரு முனையைக் கட்டில் காலிலும் மறு முனையை என் கணுக்காலிலும் கட்டிவிட்டார். இழுத்துக் காலை நீட்ட வேண்டும். வண்டியில் வடக்கே இருந்த பழக்கத்தில் எண்ணிக்கையை இந்தியில்தான் போடுவார். "ஏக், தோ, தீன்..." பத்து வந்ததும் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று தமிழுக்கு மாறிவிடுவார். வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே செய்தேன்.

மறுநாள் தொடையெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். அந்த வலி நல்லது என்றாள் கலைவாணி. பளு விழுந்த இடத்தில் தசை கொஞ்சம் நோகும், அதைச் சரிசெய்யும்போது உடம்பு முன்னை விடச் சற்றுச் சேர்த்துப் பூசும், பூசுவதற்கான சாந்துதான் நீங்கள் தின்கிற கொள்ளும் எள்ளும் என்றாள். சுலபமானதும் பளுவைக் கூட்டினாள். கணுக்காலில் உப்புப் பாக்கெட் ஒன்று கட்டினோம். பிறகு இரண்டு. அப்புறம் படிக்கட்டு. பயிற்சி முடிந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல். அதைப் பசியோடு சாப்பிட்டது அப்போதுதான்.

டேப் நகர ஆரம்பித்தது. முதலில் அரை விரல்கடை, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். விரலால் அழுத்தினால் உள்ளே போகாமல் எதிர்த்து நின்றது. ஒரு முட்டை இல்லை, ஒரு துண்டு கறி இல்லை. வாக்கர் பரணுக்குப் போன நாளில் அக்காவுக்குப் போன் செய்து, தோட்டத்தில் இருந்து வீடு வரை நடந்தே வந்ததைச் சொன்னேன். "ஊட்டுக்கு வாரேன், எங்கண்ணால பாக்கோணும்" என்று அடுத்த பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். வெறும் கையோடு.

அறுபதாம்படி

விழுந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை நேரத்தில் திருச்செங்கோட்டு மலையடியில் போய் நின்றோம். மேலே போக நல்ல தார்ச்சாலை இருக்கிறது, பஸ்ஸே போகிறது. எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் படி. கலைவாணி மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம் என்று அனுமதி கொடுத்திருந்தாள்.

பாறை இன்னும் சூடேறவில்லை. நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுக்கும் வழக்கத்தை விட்டு, மாற்றி மாற்றி வைத்து ஏறினேன். குங்குமம் கொட்டிய பெரிய பாம்புச் சிலையிடம் ஒரு தடவை உட்கார்ந்தோம். அவர் கை நீட்டும்போதெல்லாம் வேண்டாம் என்றேன். தன் காலால் என்று சொல்லி வைத்தவர் அவர்தானே.

அந்த வழியில் அறுபதாம்படி என்று ஓர் இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் வழக்கு வம்பு என்று வந்தால் அங்கே நிறுத்திச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அந்தப் படியில் நின்று பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. அங்கே வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"நில்லுங்க. இங்க நின்னு சொல்லுங்க. இந்த எட்டு மாசத்துல முட்ட தொட்டீங்களா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். தப்பிக்க இரண்டு பக்கமும் படிதான்.

"ஒரு மூணு தடவ. பஸ் ஸ்டாண்டு கடையில. கலக்கிதான் தனம், முழுசா வேகக்கூட இல்ல."

தோசைக்கல்லில் பாதி வெந்தும் வேகாமலும் கலக்கி எடுக்கும் முட்டை, முட்டைக் கணக்கில் வராதாம். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அப்பறம் எதுக்கு என் வாய அடமானம் வெச்சீங்க? உங்களுதையே வெச்சிருக்கலாமில்ல?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"உன்னைய உள்ள கொண்டுபோயிட்டாங்க. வராண்டாவுல நின்னேன். பெருசா எதையாச்சும் குடுக்கோணும்னு இருந்துச்சு. எங்கிட்ட என்ன இருக்குது? எனக்குப் புடிச்சதுன்னு நெனச்சா நீ ஒருத்திதான் வந்தே. உன்னையக் குடுக்க முடியாதில்ல. அதான் உனக்குப் புடிச்சதக் குடுத்தேன்."

அறுபதாம்படியில் நின்று சொன்னது. நான் நம்பினேன். கண் நிறைந்துவிட்டது. "போலாம், வெயிலேறுது" என்று முன்னால் நடந்தேன்.

கோபுரம் பக்கத்தில் தெரிய ஆரம்பித்த இடத்தில் இடது கால் உதற ஆரம்பித்தது. மேலிருந்து கீழ் வரை ஒரே நடுக்கம். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். படி நாற்காலியை விட ரொம்பத் தாழ்வு. இங்கிருந்து எழ முடியாவிட்டால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. மேலே போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மாள், "கை குடுக்கட்டுங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு நின்றாள். வேண்டாம் என்று கும்பிட்டேன்.

நடுக்கம் அடங்கும் வரை பொறுத்தேன். பாதத்தை உள்ளே இழுத்து வைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்தேன். தொடை இறுகியது. பாதி வழியில் ஒரு கணம் நின்றது. பிறகு நான் நேராக நின்றுகொண்டிருந்தேன்.

"வாங்க" என்றேன்.

அவர் எழப் பார்த்தார். முட்டி சத்தம் போட்டது. மறுபடி பார்த்தார். ஆறு மாதமாக நாற்காலியின் பக்கத்தில் நின்று எனக்கு எண்ணிக்கை போட்டாரே தவிர, ஒரு தடவை கூட அவர் உட்கார்ந்து எழவில்லை.

"கொஞ்சம் கை குடு தனம்" என்றார்.

இரண்டு கையையும் நீட்டினேன். அந்த மனிதரின் முழு எடையும் என் இடது காலில் வந்து இறங்கியது. கால் அசையவில்லை. இழுத்து நிறுத்தினேன். மேலே சன்னதி போய்ச் சேரும் வரை அவர் என் கையை விடவில்லை.